தேனீ வளர்ப்பும் தேன் வியாபாரமும்: முதலில் மாற வேண்டியது யார்?



"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று ஒரு பழமொழி உண்டு. தேன் எடுப்பவனுக்குக் கொஞ்சமாவது ஆதாயம் இருந்த காலத்துப் பழமொழி அது. இன்றைக்குத் தேன் எடுப்பவன் ஒருவன், புறங்கையை நக்குபவன் வேறொருவன். அந்த வேறொருவன் பெரும்பாலும் நம் வியாபார வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். சொல்வதில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். 1977இல் தகப்பனாருடன் கோட்டாறு கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரத்தில் உட்கார்ந்தேன். அரிசி, பருப்பு, மிளகாய், புளி என்று எத்தனையோ சரக்குகளுக்கு இடையில் தேன் எங்கள் கடையில் ஒரு மூலைச் சரக்குதான். ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் ஒரு பருவம் கூட விடாமல் வாங்கி விற்றிருக்கிறோம். அந்த அனுபவத்தில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

இப்போது எங்கு பார்த்தாலும் "தேனீ வளர்ப்பில் நவீனத் தொழில்நுட்பம்" என்று பேசுகிறார்கள். பெட்டிக்குள் கருவி வைக்கலாம், கைப்பேசியிலேயே தேனீயின் நிலவரத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் தேனீ வளர்ப்பவரை மட்டும் "நீ நவீனமாகு" என்று சொல்லிவிட்டு நாம் பழைய தராசோடு உட்கார்ந்திருந்தால் இந்தத் தொழில் பிழைக்காது. நவீனம் முதலில் வர வேண்டிய இடம் நம் கடை வாசல் என்பது என் தாழ்மையான கருத்து.

தொழில் வந்த வழி

நமது கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் தேனீக்கும் உள்ள தொடர்பு இளம் வியாபாரிகள் பலருக்குத் தெரியாது. நம் நாட்டுத் தேனீ சிறியது. வெளிநாட்டுப் பெரிய பெட்டி அதற்குப் பொருந்தவில்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் அதற்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை அமைத்துக் கொடுத்தார். இன்றும் அதை நியூட்டன் பெட்டி என்றுதான் சொல்கிறோம். 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கினார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த மையம் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. காணி நிலம் இல்லாதவனும் வீட்டு முற்றத்தில் நாலு பெட்டி வைத்துப் பிழைக்கலாம் என்ற நிலை அப்படித்தான் உண்டாயிற்று.

அதற்குப் பின் ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பர் தேன் பூவில் இருந்து வருவதில்லை என்று சொன்னால் நம்மில் பலரே நம்புவதில்லை. மார்கழியில் இலை உதிர்ந்து புதுக்கொழுந்து விடும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் சேர்க்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் வரும் அந்த வரவைத்தான் இவர்கள் ஆண்டு முழுவதற்கும் நம்பியிருக்கிறார்கள்.

அவர்கள் படும் பாடு

1991-92இல் வந்த நோயை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் அது. புழு வளர்ந்து கூடு கட்டும் முன்பே நீர் கோத்த பைபோல ஆகிச் செத்துவிடும். தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்ந்த நாட்டுத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த நோயில் அழிந்தன. வைரஸ் ஆனபடியால் எந்த மருந்தும் கேட்கவில்லை. வரிசையாக நின்ற பெட்டிகள் கோழிக்கூடாகவும் அடுப்பு விறகாகவும் போனதை நான் கண்ணால் பார்த்தேன். தப்பிப் பிழைத்த சில குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மெல்ல எழுந்தது.

இப்போதும் கஷ்டங்களுக்குக் குறைவில்லை. கொழுந்து விடும் சமயத்தில் மழை பெய்தால் இலைக்காம்பில் உள்ள இனிப்பு கழுவிப் போய்விடும். கொழுந்தில் நோய் விழுந்து உதிர்ந்தாலும் வரவு இல்லை. இப்போது மழை எந்த மாதத்தில் பெய்யும் என்று யார் சொல்ல முடிகிறது? பருவம் முடிந்து ஆனி, ஆடி வந்தால் தேனீக்குத் தீனி இல்லை. சர்க்கரைக் கரைசல் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சர்க்கரையை நம்மிடம்தான் கடனுக்கு வாங்குகிறார்கள். காய்கறித் தோட்டத்தில் பூத்திருக்கும் நேரத்தில் காலையில் மருந்து அடித்தால், மேயப் போன தேனீ திரும்புவதில்லை. பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பூ இருக்கும்போது அடிக்காதீர்கள், அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்" என்று விவசாயியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். காசு செலவில்லாத உபகாரம் இது. நாம் விற்கும் ஏலக்காயும் சூரியகாந்தி எண்ணெயும் தேனீயின் உழைப்பும் சேர்ந்து வந்தவைதானே.

நான் செய்த பிழை

நோயும் மழையும் கடவுள் செயல். மனிதன் செய்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா? என்னில் இருந்தே தொடங்குகிறேன்.

1990இல் அருமனைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஆறு டின் தேன் போட்டார். பத்து வருஷமாகத் தேன் போடுகிறவர்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு சில்லறைக் கடைக்காரர் இரண்டு டின்னைத் திருப்பி அனுப்பினார். திறந்து பார்த்தால் அடியில் பாதிக்கு வெள்ளையாக உறைந்து, சீனி போலக் கிடந்தது. பெரியவர் அடுத்த முறை வந்தபோது, கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "சீனி கலந்து யாரை ஏமாற்றுகிறீர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "மொதலாளி, தேன் உறையும். இது என் பெட்டியில இருந்து எடுத்ததுதான்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு டின்னுக்கும் பணம் தரவில்லை. அவர் அவற்றைத் தலையில் சுமந்துகொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்து போனார்.

ஓராண்டு கழித்து தேனீ வளர்ப்போருக்கான ஒரு பயிற்சி வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். நல்ல தேனில் உள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாக உறைவது இயற்கை, அதிகச் சூடில்லாத வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்தால் மறுபடி இளகிவிடும் என்று அங்கே விளக்கினார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அதற்குள் நோய் வந்து, எண்பது பெட்டி இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோதான் இருந்தன. பணத்தை வாங்கிக்கொண்டார், காப்பியும் தந்தார். ஆனால் அதன்பின் எங்கள் கடைக்கு அவர் தேன் போடவில்லை. கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதமாகவாவது கொடுத்துவிடலாம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல தேன் எது என்று தெரியாத வியாபாரி, நல்லவனைத் தண்டிப்பான், கெட்டவனுக்கு மாலை போடுவான். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும், தீக்குச்சியை முக்கிப் பற்றவைத்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது என்று நாம் செய்யும் சோதனைகள் எதற்கும் உதவாதவை. கெட்டிப் பாகும் தண்ணீரில் இறங்கும். குச்சி எரிவது ஈரத்தைப் பொறுத்தது. எறும்போ நல்ல தேனையும் விடாது. அதனால்தான் பெட்டிக் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறார்கள்.

பெட்டிக்குள் வரும் கருவிகள்

இனித் தொழில்நுட்பத்துக்கு வருவோம். பெட்டிக்கு அடியில் வைக்கும் எடைக் கருவி ஒன்று வந்திருக்கிறது. உள்ளே சிம் கார்டு உண்டு. காலை, மாலை எடையைக் கைப்பேசிக்கு அனுப்பும். எடை நாளுக்கு நாள் ஏறினால் தேன் வரவு தொடங்கிவிட்டது, தேன் அறையை மேலே வைக்கலாம் என்று பொருள். திடீரென்று இறங்கினால் கூட்டம் பிரிந்து போயிருக்கலாம், அல்லது யாரோ கை வைத்திருக்கலாம். புழு வளரும் இடத்தில் தேனீ எப்போதும் சுமார் 33 முதல் 36 டிகிரி வரை சூட்டைக் காத்து வைக்கும். அது தவறினால் வெப்பக் கருவி காட்டிக் கொடுக்கும். தேனீயின் இரைச்சலைக் கேட்டே ராணி இல்லை என்று கண்டுபிடிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

ஆனால் கணக்குப் பார்க்காமல் பேசினால் நாம் வியாபாரிகள் அல்ல. நாட்டுத் தேனீப் பெட்டி ஒன்றில் நல்ல இடத்தில், நல்ல வருஷத்தில் பத்துக் கிலோ சுமாருக்குத் தேன் கிடைக்கும். அதில் வரும் பணத்தை விடக் கருவியின் விலை அதிகமாக இருந்தால் எவன் வாங்குவான்? இத்தாலியத் தேனீயை நூற்றுக்கணக்கான பெட்டிகளில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். இருபது பெட்டிக்காரருக்குப் பெட்டிக்கு ஒரு கருவி கட்டுப்படியாகாது. ஊருக்கு ஒரு கருவி போதும். ஒரே தோட்டத்தில் மேயும் தேனீக்களுக்கு வரவு ஏறக்குறைய ஒரே நாளில்தான் தொடங்கும். ஒரு பெட்டியின் எடையைப் பார்த்து ஊரே வேலையைத் தொடங்கலாம். அந்த ஒரு கருவிக்கு நம் சங்கக் கிளை உதவினால் என்ன?

ஈரமும் விலையும்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். தேனீ கொண்டு வந்து வைத்தவுடன் தேன் ஆகிவிடாது. இறக்கையால் விசிறி ஈரத்தை வற்றவைத்து, பக்குவம் வந்தபின் மெழுகால் மூடி போடும். மூடிய அடையில் இருந்து எடுத்த தேன் கெட்டியாக இருக்கும், நாள்பட நிற்கும். மூடுமுன் எடுத்த தேனில் ஈரம் கூடுதல். நாளானால் நுரைத்துப் புளிக்கும். இப்போதுள்ள உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கத்து நாட்டுத் தேனீத் தேனில் அது பல நேரம் அதைத் தாண்டிவிடுகிறது.

ஏன் மூடுமுன் எடுக்கிறார்கள்? நாம் அவசரப்படுத்துவதால். அதைவிட முக்கியமாக, கெட்டித் தேனுக்கும் நீர்த்த தேனுக்கும் நாம் ஒரே விலை தருவதால். கூடுதலாக ஒரு வாரம் காத்திருந்தால் எடை குறைகிறது, விலையோ அதேதான். அப்படியிருக்க, காத்திருப்பவன் ஏமாளி அல்லவா? அந்த ஏமாளித்தனத்தை நம் விலைப்பட்டியல்தான் உண்டாக்கியது.

இதற்கு ஒரு சிறு கருவி உண்டு. ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். பேனா அளவைவிடச் சற்றுப் பெரிது. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேன் வைத்து மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் ஈரம் எத்தனை சதவீதம் என்று கோடு காட்டும். மின்சாரம் வேண்டாம், படிப்பு வேண்டாம். 2021 முதல் எங்கள் கடையில் அதை வைத்து, தேன் கொண்டு வந்தவர் கண் முன்னாலேயே பார்த்து, ஈரம் குறைந்த தேனுக்குக் கிலோவுக்கு விலை கூட்டியும் ஈரம் கூடிய தேனுக்குக் குறைத்தும் கொடுக்கிறோம். முதல் பருவத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அங்கே ஒரே விலை கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். மூடிய அடையை மட்டும் எடுத்துக் கொண்டு வந்திருந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. ஒரு கடை மட்டும் செய்தால் இப்படித்தான், சரக்கு பக்கத்துக் கடைக்குப் போகும். சங்கமே முடிவு செய்தால் அதுவே ஊர் வழக்கமாகிவிடும்.

பாகு விற்க வந்த முகவர்

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கருவி ஈரத்தைத்தான் சொல்லும், கலப்படத்தைச் சொல்லாது. கலப்படக்காரன் நம்மைவிடப் படித்தவனாக இருக்கிறான். கரும்பு, சோளச் சர்க்கரைகளை ஆய்வகத்தில் கரியணுவின் வகையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொண்டு அரிசியில் இருந்து காய்ச்சிய பாகுக்கு மாறினார்கள். பழைய சோதனையில் அது சிக்காது. 2020 டிசம்பரில் புதுதில்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பதின்மூன்று நிறுவனங்களின் தேனை ஜெர்மனி வரை அனுப்பிச் சோதித்ததில், மூன்று நிறுவனங்களின் தேனே எல்லாச் சோதனைகளிலும் தேறியதாக அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதற்கு முந்திய வருஷம் என் கடைக்கே ஒரு முகவர் வந்து, ஒரு சிறு பாட்டிலை மேசையில் வைத்து, "பாதிக்குப் பாதி கலக்கலாம், எந்தச் சோதனையிலும் பிடிபடாது" என்று சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு படுக்கையில் கிடந்து லாபக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆசை எல்லாருக்கும் உண்டு.

அந்தப் பாகில் ஒரு கிலோ விற்கும்போது பெட்டிக்காரரின் ஒரு கிலோ தேன் விற்காமல் நிற்கிறது. நோய் வந்து அழிந்த தேனீ மிச்சத்தில் இருந்து மறுபடி பெருகிற்று. விலை இல்லாமல் பெட்டியை விட்டவன் மறுபடி வருவதில்லை.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். இயந்திரம் நாம் வாங்கும் பொருள் அல்ல. ஆனால் மாதிரி அனுப்பிச் சோதிக்க ஆய்வகங்கள் உண்டு. குஜராத் மாநிலம் ஆனந்தில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தில் 2020இல் தேன் சோதனை வசதி ஏற்படுத்தினார்கள். தேசியத் தேனீ வாரியத்தின் 'மதுகிராந்தி' என்ற கணினிப் பதிவு முறையும் 2021இல் தொடங்கப்பட்டது. எந்தத் தேன் யாரிடம் இருந்து வந்தது என்ற சுவடு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தச் சுவட்டுக்கு முதல் படி நம் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

சங்கத்தின் முன் சில யோசனைகள்

ஒன்று: ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைக்க வேண்டும். ஈரத்தைப் பார்த்து விலை என்பதை அடுத்த தை மாதத்துக்கு முன் எல்லாக் கடைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு: டின்னில் வளர்ப்பவர் பெயர், ஊர், எடுத்த தேதி, ஈர அளவு நான்கையும் எழுதி ஒட்ட வேண்டும். பத்துப் பேர் தேனை ஒரே பீப்பாயில் கொட்டினால் ஒருவன் தவறு பத்துப் பேர் தலையில் விழும்.

மூன்று: பழைய எண்ணெய் டின் வேண்டாம். உணவுக்கு ஏற்ற சுத்தமான கேன்களைச் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம்.

நான்கு: தேனைக் கிலோவில் விற்க வேண்டும். ஒரு லிட்டர் தேன் சுமார் ஒரு கிலோ 400 கிராம் நிற்கும். பாட்டில் கணக்கில் விற்பதில் வாங்குபவரோ விற்பவரோ ஒருவர் ஏமாறுகிறார்.

ஐந்து: உறைந்த தேனைத் திருப்பி அனுப்பக் கூடாது. கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து இளக்கலாம். அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்சினால் மணமும் தரமும் போகும். "நல்ல தேனும் உறையும்" என்று ஒரு அட்டை எழுதிக் கடையில் மாட்டினால் வாடிக்கையாளரும் தெரிந்துகொள்வார்.

ஆறு: தேனீ வளர்க்கும் ஊர்களில், ஊருக்கு ஓர் எடைக் கருவிக்குக் கிளைகள் பாதிச் செலவை ஏற்கலாம்.

இதில் பெரிய முதலீடு ஒன்றும் இல்லை. மனம்தான் வேண்டும். சரக்கு தருபவன் வாழ்ந்தால்தான் கடை வாழும் என்று என் தகப்பனார் சொல்வார். அருமனைப் பெரியவர் இன்று இல்லை. அவர் பிள்ளைகள் யாரும் தேனீ வளர்க்கவில்லை, ரப்பர் வெட்டப் போய்விட்டார்கள். என் மேசையில் அந்தச் சிறு கருவி 1990இல் இருந்திருந்தாலும் டின்னில் உறைந்தது தேனா சீனியா என்று அது சொல்லியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ள, நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை நம்பியிருந்தால் போதும். கருவியையும் வாங்குவோம், கேட்கும் பழக்கத்தையும் கைக்கொள்வோம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இதழில் எழுத வேண்டும். தை பிறக்குமுன் முடிவெடுத்தால் வரும் பருவத்துக்கே உதவும்.